மேயர் நேரில் வருவார்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

என் ஒலிபெருக்கி வண்டிக்கு ஈடாக ஒன்று பிரேசில் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் பேசினால் மூன்று மலை தாண்டி மாடுகள் தலை தூக்கும். தேர்தல் நேரம்: காலையில் மேயருக்கு ஓட்டுப் பாட்டு, பகலில் சாவு அறிவிப்பு. மேயர் இவனில்டா நான் வளர்த்த அக்கா மகள்.

இன்று மேட்டுத் தெரு டோனா ஜெருசா போய்விட்டாள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள். மகன் அடெமிர் எழுதித் தந்தது இரண்டே வரி: பெயர், நாளை நான்கு மணிக்கு அடக்கம். இதில் என்ன இருக்கிறது? நானே சேர்த்து முழங்கினேன்: "மேயர் இவனில்டா நேரில் வருவார், பெட்டியின் முன் கைப்பிடியைத் தம் கையாலேயே பிடிப்பார்!"

அடெமிர் கண்ணைத் துடைத்தான். "நெசமாவா, ஜெனிவால் அண்ணே?"

"நான் சொன்னா வராம இருப்பாளா?"

இனி அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 28

சொல்லவில்லை. நேற்று சாராயக்கடையில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், பேச்சு வளர்ந்தது. காலையில் கூப்பிட்டால் தொலைபேசி எடுக்கவில்லை. விடியும் முன்பே தலைநகருக்குப் போய்விட்டாளாம், தண்ணீர் மோட்டார் கேட்க.

ஆறு மணி வரை பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெயிலில் மெழுகுவர்த்தியெல்லாம் வளைந்துவிட்டது. குழியை மூடும்போது இருட்டு.

ஆகஸ்ட் 29

"மாமா, ஜெருசாம்மா அடக்கம் நல்லபடியா நடந்துச்சா? நீ போனியா? நான் போய் துக்கம் கேக்கணுமே."

"அமோகமா நடந்துச்சும்மா. உன் பேர்ல மலர்வளையம் வச்சேன், வண்டிச் சக்கரம் பெருசு! அடெமிர் உருகிட்டான். நீ அலையாதே."

வளையமே கிடையாது. ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 14

மேட்டுத் தெருவில் அவளோடு ஓட்டுக் கேட்கப் போனேன். கதவெல்லாம் சாத்தியிருந்தது.

"மோட்டார் வந்தாச்சு, குழாய்ல தண்ணி வருது. பின்ன என்ன மாமா?"

"வெயிலும்மா. தூங்குறாங்க."

ஒரு ஜன்னலிலிருந்து குரல்: "இப்பதான் வழி தெரிஞ்சுதா, மேயரம்மா?" வேடிக்கை என்று நினைத்து இவள் சிரித்துக் கையாட்டினாள். நான் பாட்டைக் கூட்டி வைத்தேன்.

செப்டம்பர் 30

இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிப்பாள் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

முப்பத்தெட்டு ஓட்டில் தோற்றாள்.

மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்து இயந்திரத்தில் போன முறை நூற்றெழுபது விழுந்தது. இந்த முறை இருபத்தொன்று.

காபி ஆறிப்போக உட்கார்ந்திருந்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன் மாமா? யாராவது மூஞ்சிக்கு நேரா சொன்னா தேவலை."

சொல்லியிருக்கலாம் – பக்கத்தில்தானே இருந்தேன். "எதிராளி வீட்டுக்கு வீடு சிமென்டு மூட்டை இறக்கிட்டாம்மா" என்றேன். எந்த மூட்டை? யார் பார்த்தது?

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அவளே பூ வாங்கிக்கொண்டு டோனா ஜெருசா கல்லறைக்குப் போனாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அங்கே அடெமிர்.

"இன்னிக்கு வந்தீங்களே, சந்தோஷம். அன்னிக்கு அம்மாவ வாசல்ல வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உங்களுக்காக நின்னோம். வர முடியலேன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா போதும்."

"எனக்காகவா?"

"ஊருக்கே மைக்குல சொன்னாரே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மாமா?"

வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டேன் என்று முனகிக்கொண்டே வெளியே நடந்தேன்.

ஜனவரி 9

மேட்டுத் தெருவில் ஒரு சாவு. பெயர், நான்கு மணி, கல்லறைத் தோட்டம். எழுதித் தந்ததை மட்டும் படித்தேன்.

வருவாள் என்று யாரும் அறிவிக்காமலே இவனில்டா வந்திருந்தாள், நடந்து. கூட்டத்தின் கடைசியில் நின்றவளை அடெமிர் கூப்பிட்டு, தான் விலகி, முன் கைப்பிடியைக் கொடுத்தான். தெரு குறுகல், என் வண்டி மறித்துக்கொண்டிருந்தது. பெட்டியோடு கிட்டே வந்தவள் குனிந்து சொன்னாள்:

"வண்டிய கொஞ்சம் ஓரமா எடுங்க, ஜெனிவால் ஐயா."

எடுத்தேன்.