மூடிய நிலையில் இருந்த லீவர்

போன வியாழக்கிழமை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில், வண்டிகளைப் பரிசோதிக்கும் அரசு இன்ஸ்பெக்டர் சத்தியம் செய்து சொன்னது இது: நீ ஓட்டிய வண்டியின் ஆக்ஸிலேட்டர் பெடலில் இருந்த ஸ்பிரிங், விபத்து நடந்த பிறகு மாட்டப்பட்டது. யாரோ சொல்லிக் கேட்டதை எழுதவில்லை. சாட்சிக் கூண்டுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்து நானே கேட்டேன்.

அந்த ஸ்பிரிங்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பையைப் பிரித்ததும், கடையில் இப்போதுதான் வாங்கிய சாமானிலிருந்து வருமே, அந்த எண்ணெய் வாசனை வந்தது. வராந்தாவுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீயும் நானும் தாராவியில் தோல் கிடங்குக்குப் பின்னால் மூக்கைப் பிடிக்காமல் சோறு தின்று வளர்ந்தவர்கள். ஒரு ஸ்பிரிங்கின் வாசனை எனக்குத் தாங்கவில்லை என்று தெரிந்திருந்தால் நீ தெருவைக் கூட்டிச் சிரித்திருப்பாய்.

இன்ஸ்பெக்டர் விளக்கிச் சொன்னார். தூணில் மோதியபோது ரேடியேட்டர் உடைந்து துருத் தண்ணீர் என்ஜினைச் சுற்றி எல்லா இடத்திலும் தெறித்திருக்கிறது. கம்பி, குழாய், ஆணி எல்லாவற்றிலும் காவிக் கறை. அவற்றுக்கு நடுவே இருந்த ஸ்பிரிங்கில் மட்டும் ஒரு பொட்டு இல்லை. அன்று இரவு வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகாமல் உன் முதலாளியின் கராஜில் நின்றது. "நான் முதல் அறிக்கையிலேயே 'ஸ்பிரிங் உள்ளது, புதியது' என்று எழுதினேன். புதியது என்ற சொல்லைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை" என்றார். இத்தனை மாதமும் முதலாளி தரப்பு வக்கீல் 'உள்ளது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, வண்டியில் கோளாறே இல்லை என்று வாதாடியிருக்கிறார்.

அந்த வண்டியை நீ முதலில் எனக்குக் காட்டியது ஆண்டாப் ஹில் பக்கத்து மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்பூர் பில்டர் ஒருவர் வாங்கி, கல்யாணத்துக்கும் ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விட்டிருந்த பழங்காலத்து வெளிநாட்டுக் கார். டாக்ஸியை விற்றுவிட்டு நீ அவரிடம் டிரைவராகச் சேர்ந்திருந்தாய். மடித்து இறக்கும் துணிக்கூரை, பித்தளை விளக்கு, இடப்பக்கத்தில் ஸ்டியரிங். பக்கத்தில் உட்காருகிறவர் உன் வலது கைப்பக்கம் இருப்பார்.

"ஏறுல பேப்பரு" என்றாய். நிருபர் வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "மூணு பெடல் இருக்கு. எது என்னன்னு சொல்லு பாப்பம்."

"கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர்."

"பெரிய படிப்பாளில்லா. சரி, போ."

வலது பெடலை மிதித்தேன். அசையத் தொடங்கிய வண்டி திமிறிக்கொண்டு நின்றுவிட்டது. நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய். "அதாம்ல பிரேக்கு! நடுவுல உள்ளது ரிவர்சு. இடது காலுல கியரு. பெட்ரோல் எங்கன இருக்குன்னு தேடு பாப்பம்."

நான் குனிந்து தரையில் தேடினேன். நீ என் கையைப் பிடித்து ஸ்டியரிங் வளையத்துக்கு அடியில் இருந்த சின்ன லீவரில் வைத்தாய். "காலுக்கு மூணு வேலையக் குடுத்துட்டு பெட்ரோல மட்டும் கையில வச்சிருக்கான் பாரு, காரியக்காரன். கீழ இழுத்தா குடிக்கும். மேல தள்ளுனா பட்டினி."

டாக்ஸி ஓட்டிப் பழகிய கால் அந்தப் பழக்கத்தை விடுவதற்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூடக் கீழே மூன்று செருப்பை வரிசையாகப் போட்டு மிதித்துப் பார்ப்பாய் என்று உன் மனைவி சொல்லியிருக்கிறாள்.

பெட்ரோலுக்கும் ஒரு கால் பெடலை மாட்டச் சொன்னது பில்டரின் மகன். அவனுக்கும் அந்த வண்டியை ஓட்டிப் படம் பிடித்துக்கொள்ள ஆசை. கை லீவர் பிடிபடவில்லை. அந்தக் காலத்திலேயே இப்படித் தனியாக வாங்கி மாட்டும் கால் பெடல்கள் விற்றனவாம், கையால் ஓட்டி அலுத்தவர்கள் வாங்கினார்களாம் என்று நீதான் எங்கோ கேட்டு வந்து சொன்னாய். நீ அதை எதிர்த்தாய் என்று இப்போது எழுதினால் உனக்கு நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. பித்தளையில், செருப்பின் அடி போன்ற அந்தப் பெடல் பிரேக்குக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்ததும், அதை எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் படமெடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினாய். எனக்கு மட்டும் நாலு படம் வந்தது.

ஆனால் ஒன்றில் நீ கறாராக இருந்தாய். மாட்டுங்காவில் டீக்கடை வாசலில் நின்று டம்ளரை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாய். "கை லீவரு விட்ட எடத்துல நிக்கணும்ல. அதோட கொணம் அப்படி. கால் பெடலு, கால எடுத்தா தானா திரும்பி வரணும். அதுக்குத் தனியா ஸ்பிரிங்கு போடணும். இல்லன்னா மிதிச்சது மிதிச்சபடி கெடக்கும்." ஸ்பிரிங்கை நீயே நின்று போட வைத்தாய். அது கொஞ்சம் கடினமான ஸ்பிரிங். ஓட்டிவிட்டு இறங்கிய மகன் கால் வலிக்கிறது என்று முகம் சுளித்தானாம். அதைச் சொல்லி நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஜிம்முக்குப் போயி மூட்ட மூட்டையா தூக்குதான். ஒரு ஸ்பிரிங்க மிதிக்க காலு வலிக்காம்ல அவனுக்கு!"

அந்த ஸ்பிரிங்கை அவன் கழற்ற வைத்தது எனக்குத் தெரியாது. நீ போன பிறகு உன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

அன்று உன் கண்ணில் படாததும், நீ போன பிறகு நடந்ததும் உனக்குத் தெரிய வழியில்லை. சொல்லிவிடுகிறேன்.

செம்பூரில் மகனின் சிநேகிதனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பின் சீட்டில். மகன் முன்னால், உனக்கு வலப்பக்கம், அந்தப் பெடல் இருந்த பக்கம். ஊர்வலம் மண்டப வாசலை நெருங்கும்போது பேண்ட் செட்டுக்காரர்கள் வண்டிக்கு முன்னால் நின்று வாசிக்க, இவன் எழுந்து நின்று ஆடிக்கொண்டே அவர்கள் தலைமேல் நோட்டுகளைச் சுற்றிப் போட்டான். பம்பாய்க் கல்யாணத்தில் இது யாரும் திரும்பிப் பார்க்காத வழக்கம். அவன் எழுந்து ஆடியது பலருடைய ஃபோனில் இருக்கிறது. அவன் கால் ஒருவர் ஃபோனிலும் இல்லை. எல்லா ஃபோனும் மேலே நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. வண்டி உறுமிப் பாய்ந்தது. நீ ஸ்டியரிங்கை ஒடித்து மண்டபத்துத் தூணில் கொண்டுபோய் மோதினாய். ஓரத்தில் நின்ற டிரம்காரருக்குக் கால் முறிந்தது. ஸ்டியரிங் தண்டு உன் நெஞ்சில் இறங்கியது. மகனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

அன்று இரவே பில்டரின் ஆபீசிலிருந்து பத்திரிகைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போனது: வயதான டிரைவர், பழைய பழக்கத்தில் தவறான பெடலை மிதித்துவிட்டார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என் பத்திரிகையே அதை அச்சடித்தது. மறுநாள் செய்தி டெஸ்க்கில் கேட்டேன். "சார், எல்லாரும் அதத்தான் போட்டிருக்காங்க" என்றான் பொறுப்பில் இருந்தவன். போலீஸ் பதிவிலும் அந்த வரிதான் ஏறியது. இத்தனை வருடம் சோறு போட்ட தொழில். அன்று அந்தப் பேப்பரைக் கையில் தொட அருவருப்பாக இருந்தது. திருத்தம் கேட்டதற்குத் தீர்ப்பு வரட்டும் என்றார் ஆசிரியர். பொய்யைப் போடத் தீர்ப்பு தேவைப்படவில்லை.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்தபோது மகன் வந்தான். சென்ட் வாசனை சந்தின் முனையிலேயே வந்துவிட்டது. நெற்றியில் பிளாஸ்திரி, காலில் பளபளவென்று ஷூ. ஷூவோடே உள்ளே நுழைந்து உன் கால்மாட்டில் நின்றான். "அங்கிள் நே கலத் பெடல் தபா தியா, ஆன்ட்டி. உமர் ஹோ கயீ தீ" என்றான். பெடலை மாற்றி மிதித்துவிட்டாராம், வயதாகிவிட்டதாம். உன் மனைவி தலையை நிமிர்த்தாமல், "ஜூத்தா பாஹர் உதாரோ, பேட்டா" என்றாள், ஷூவை வெளியே கழற்றிவிட்டு வா என்று. அவன் ஷூவைக் கழற்றவும் இல்லை, அதற்குமேல் நிற்கவும் இல்லை.

வண்டியைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்து மீட்டுவிட்டார்கள். புது ரேடியேட்டர், புது வர்ணம். போன மாதம் செம்பூர் நாக்கா சந்திப்பில், சிக்னலில் நின்றிருந்தது. உடம்பெல்லாம் ரோஜா, பின்னால் வேறொரு மாப்பிள்ளை. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். கால் பெடல் இருந்த ஓட்டையை ஒரு துண்டு கார்பெட்டால் மூடியிருந்தார்கள். டிரைவர் இளைஞன். "க்யா தேக் ரஹே ஹோ, சாச்சா?" என்றான். என்ன பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். கை லீவர்மேல் அவன் விரல் இருந்தது. சிக்னல் விழுந்ததும் போய்விட்டான். நான் அந்த ஓரத்திலேயே காறித் துப்பினேன். என் வயதுக்கு அது அழகில்லை.

தீர்ப்பாயத்தில் உன் மனைவி கேட்பது ஒன்றுதான். கையெழுத்துப் போடும் முன் வக்கீலிடம் சொன்னாள்: "மத்தது எது வந்தாலும் வராட்டியும் சரி. தப்பான பெடல மிதிச்சாகன்னு எழுதிருக்கானுவல்லா, அந்த வரிய அடிக்கணும்."

அவளிடம் இன்னொன்றும் இருக்கிறது. விபத்து நடந்த அன்று காலை டீ குடிக்கும்போது நீ அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார்கள், இன்று ஒருநாள் எடுத்துத்தான் ஆகவேண்டும், பெடல் பக்கம் காலே கொண்டுபோக மாட்டேன், கையாலேயே ஓட்டிக்கொள்வேன். இதை அவள் சொன்னால், நீ அந்தப் பெடலைத் தொடுவதாகவே இல்லை என்பது பதிவாகும். கோளாறு தெரிந்தே வண்டியை எடுத்தாய் என்பதும் பதிவாகும். நம் வக்கீல் ஸ்பிரிங் பேச்சை விட்டுவிடச் சொன்னார். கையால் ஓட்டுவேன் என்றதை மட்டும் சொன்னால் போதுமாம்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அவுக தெரிஞ்சுதான் எடுத்தாக. முடியாதுன்னு சொல்லிருக்கணும், சொல்லல. அத முழுங்கிட்டு மிச்சத்த மட்டும் சொன்னா, அந்தப் பய ராவோட ராவா ஸ்பிரிங்க மாட்டுன மாதிரிதான இருக்கும்?"

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். டாக்ஸி ஓட்டிய காலத்தில் ஹாரன் வேலை செய்யவில்லை என்று என்னையே நடு ரோட்டில் இறக்கிவிட்டவன் நீ. பித்தளை வண்டிக்கும் முதலாளி மகன் சொன்ன கல்யாணத்துக்கும் மட்டும் ஏன் தலையாட்டினாய்? கேட்டால் ஏதாவது கிண்டல் சொல்லித் தப்பித்திருப்பாய்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் சொன்ன இன்னொன்றைக் கடைசிக்கு வைத்தேன். மோதிய வண்டியில் கை லீவர் மேலே, முழுக்க மூடிய நிலையில் இருந்தது. மோதிய வேகத்தில் நகர்ந்திருக்கும் என்றார் அவர்கள் வக்கீல். அது பல் வெட்டிய தகட்டில் உட்காரும் லீவர், தானாக நகர்வது சிரமம் என்றார் இன்ஸ்பெக்டர். உன் கை என்று அவர் சொல்லவில்லை. நானும் செய்தியில் அப்படி எழுதமாட்டேன். இது செய்தி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பெடல் கீழே கிடந்தது, ஸ்பிரிங் இல்லை, எதைத் தள்ளினாலும் அடங்காது என்று உனக்குத் தெரியும். அப்படியும் தள்ளியிருக்கிறாய்.

அன்றிலிருந்து ரயிலில், சிக்னலில், கூட்டத்தில், பின்னால் எந்த வண்டி உறுமினாலும் என் வலது கையின் இரண்டு விரல்கள் காற்றில் மேலே தள்ளுகின்றன. மேல தள்ளுனா பட்டினி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

பெடலை மிதித்தது யாருடைய கால் என்பது இன்னும் உறுதியாகவில்லை. டிரம்காரர் சாட்சிக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் நின்ற இடம் சீட்டின் மட்டத்துக்குக் கீழே, அவர் கண்ணுக்குக் கால் தெரிந்திருக்கலாம். அடுத்த விசாரணை தீபாவளி விடுமுறை முடிந்து தீர்ப்பாயம் திறக்கும் வாரத்தில். முதலில் அவர், பிறகு உன் மனைவி, அதன் பிறகு மகன். அவள் டீ குடித்த காலையில் ஆரம்பித்து முழுவதையும் சொல்லப்போகிறாள்.