துவாயோடு முன்னால் நடந்தவள்

பல்கனிக் கம்பியில் உன் வெள்ளைத் துவாய் காய்கிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் எதுவும் முழுதாகக் காய்வதில்லை என்று முறைப்பட்டுக்கொள்வாய், இன்றும் அப்படித்தான். இரண்டுதரம் தோய்த்தும் ஓரத்தில் பிடித்த தேயிலைத் தோட்டத்துச் செம்மண் போகவில்லை. ஈரத்துணி வாசம் அறைக்குள் வந்தது. எழுந்துபோய்த் திருப்பிப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நீ கண்மூடிப் போன இந்த நான்கு வருடத்தில் உன்னிடம் மனதுக்குள்கூட நான் அதிகம் பேசவில்லை. பேசினால் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்.

நம் மகள் தாரணிக்கு அப்போது ஏழு வயது. ஒரு ஆனி மாத மழையில், தலவாக்கலைப் பக்கம் உன் அக்காவைக் கட்டிய அத்தான் வேலைபார்த்த தோட்டத்துக்கு நம் பழைய காரில் போனோம். மூன்று நாள் முன்பே டயர், வைப்பர், பிரேக் எல்லாவற்றையும் சோதித்துக் கொப்பியில் குறித்து, எது யாருடைய பொருள் என்று பயணப் பட்டியலும் போட்டிருந்தேன். அவிசாவளை வரை பின்னாலிருந்து பிள்ளையோடு பாடிக்கொண்டு வந்தாய். கினிகத்தேனை வளைவுகளில் மழை பிடித்ததும் சத்தமே இல்லை. என் கவனம் கலையக்கூடாதென்று பேசாமல் இருக்கிறாய் என நினைத்து, உள்ளுக்குள் உனக்கு நன்றிகூடச் சொன்னேன்.

பெருந்தெருவை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறிய சற்று நேரத்தில் மூடுபனி இறங்கியது. காரின் முன்பக்கத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை. இடப்பக்கம் பள்ளம். நிறுத்திவிட்டேன். திரும்பிப் போவோம் என்றேன்.

"இஞ்சாருங்கோ, இதில எங்க திருப்புறது? நீங்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு மெல்ல வாங்கோ. நான் முன்னால நடக்கிறன்."

நான் பதில் சொல்லமுன் கதவு திறந்தது. இந்தத் துவாயைத் தோளில் விரித்துக்கொண்டு நடந்தாய். அந்த வெள்ளையை மட்டும் பார்த்தபடி முதல் கியரில் வந்தேன். இரண்டுமுறை திரும்பிச் சிரித்தாய்.

குவாட்டர்ஸ் வாசலில் அத்தான் குடையோடு நின்றார். "என்ன சகலன், கொழும்பில காருக்கு முன்னால ஆளை விட்டுத்தான் ஓட்டுறதோ?" எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான். என்னால் முடியவில்லை. கொப்பியின் அன்றைய பக்கத்தில், 'மூடுபனி. அவள் நடந்தாள். நான் இருந்தேன்' என்று எழுதினேன். அதன்பிறகு மலைநாட்டுக்குப் போனபோதெல்லாம் ரயிலில்தான் போனோம். ஏன் என்று நீ கேட்கவில்லை. என் பயத்துக்காக மனைவியை மழையில் நடக்கவிட்டவன் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

போன கிழமை தாரணி, மருமகன், பேரப்பிள்ளை, நான் நால்வரும் அதே தோட்டத்துக்குப் போனோம். அத்தானின் குவாட்டர்ஸ் இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் பங்களா. தாரணிதான் ஓட்டினாள். நான் முன் இருக்கையில்.

"அப்பா, உங்கட கால் அங்க பிரேக் பிடிச்சுக்கொண்டே வருது. அந்தப் பக்கம் பிரேக் இல்லை."

பின்னால் மருமகன் சிரித்தார். அந்தப் பாதையில் ஏறியதும் பனி வந்தது, அன்றுபோலவே. தாரணி காரை நிறுத்தினாள். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பிள்ளை, அண்டைக்கு அம்மாவை நடக்கவிட்டிட்டு நான் காருக்குள்ள இருந்தன். அது பெரிய பிழை."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதையே இவ்வளவு வருசமா வச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்? அம்மாவுக்குக் கினிகத்தேனையில இருந்தே வயித்தைப் பிரட்டினது. ஹட்டன்ல நீங்கள் டயருக்குக் காத்துப் பார்க்கேக்க, தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால ரெண்டுதரம் சத்தி எடுத்தவ. அப்பாட்டைச் சொல்லிப்போடாத, சொன்னா மனுசன் காரைத் திருப்பிப்போடும் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. இறங்கி நடந்த பிறகுதான் உயிர் வந்ததாம். எத்தினைதரம் எனக்குச் சொல்லிச் சிரிச்சிருப்பா."

நான்கு டயரின் காற்றையும் எழுதிவைத்தவன் இதைக் கவனிக்கவில்லை. அதற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நெஞ்சில் இத்தனை வருடம் இறுகியிருந்தது மெல்லத் தளர்ந்தது. என் பையில், எப்போதும்போல் போட்ட பயணப் பட்டியலின்படி, உன் துவாய் இருந்தது.

"நான் நடக்கிறன். நீ மெல்ல வா."

"அப்பா, வழுக்கும்."

"மாமாவை விடும், மெல்லத்தானே நடப்பார்" என்றார் மருமகன்.

துவாயைத் தோளில் விரித்துக்கொண்டு இறங்கினேன். மழை தூறலாக இருந்தது. பச்சைத் தேயிலை வாசம். எங்கோ கீழே தண்ணீர் விழுகிற சத்தம். காருக்குள்ளிருந்து பார்க்கையில் சுவராக நின்ற பனி, நடக்க நடக்கப் பத்தடி விலகிக் கொடுத்தது. மூச்சு இலேசாக வந்தது. ஒரு வளைவில் திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டிருந்த தாரணியின் முகம், அன்றைய என் முகம் போலவே. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்ற நினைப்பெல்லாம் எனக்கு அப்போது இல்லை. நடப்பது நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நீ சிரித்ததும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். என்னைத் தேற்றுவதற்கென்றே சிரித்தாய் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன். இப்போதும் நான் பிழையாக விளங்கியிருக்கலாம். என்றாலும் இந்த முறை அதை அப்படியே நம்பப் போகிறேன்.

துவாயை மடித்துப் பையில் வைக்க வேண்டும். கறை இருந்துவிட்டுப் போகட்டும். பட்டியலில் அதற்கு நேரே எப்போதும் உன் பெயர்தான் இருக்கும். இன்று அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன்.