கண்ணில் படவேண்டிய பீரங்கி

செப்டம்பர் 9, திங்கள்

குழல் தயார். கழிவுநீர்க் குழாய்தான், ஆனால் நான் சொன்னால்தான் தெரியும். டெர்னோபில் நகர நாடக அரங்கில் காகிதக்கூழால் வறுத்த வாத்து செய்து, முதல் வரிசைக்காரனுக்கே எச்சில் ஊற வைத்தவள் நான். தூரத்தில் இருப்பவன் கண்ணுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். இங்கே பார்க்கிறவன் வானத்திலிருந்து பார்க்கிறான், அவ்வளவுதான்.

வெர்பிவ்கா ஊரோர மரவரிசையில் நான்கு பீரங்கிகள் இருக்கவேண்டும். இருப்பது ஒன்று. அதற்கும் ஆள் போதாது, ஆறே பேர். மாதக் கடைசியில் மாற்றுப்படை வரும்வரை இந்த ஒன்றும் அந்த ஆறும் உயிரோடு இருக்கவேண்டும். சுட்டால் எதிரியின் ட்ரோன் தேடி வரும். சுடாவிட்டால் முன்னால் பதுங்குகுழியில் கிடக்கும் காலாட்படைக்கு நாதியில்லை. ஆக, சுடத்தான் வேண்டும். தேடி வருகிறவன் வேறெதையாவது கண்டுபிடிக்கவும் வேண்டும். அந்த 'வேறெதையாவது' செய்யத்தான் நானும், தச்சர் ஹவ்ரிலோ அண்ணனும், ஓட்டுநர் ஒமெல்கோவும் வந்திருக்கிறோம்.

பீரங்கிக் குழுவின் லெப்டினன்ட் தெமியான் வந்து குழலைத் தட்டிப் பார்த்தான்.

"ஏம்மா, இதுல குண்டு போடணுமா, குளிக்கணுமா? நான் கேட்டது மூணு ஆளு. அனுப்பினது மூணு குழாய்."

"ஆளு கிடைக்காத காலத்துல குழாயாவது கிடைச்சுதேன்னு சந்தோஷப்படுங்க" என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இவனைச் சிரிக்க வைக்காமல் நான் விடுவதில்லை.

செப்டம்பர் 10

மழை. பெயின்ட் காயவில்லை. ஒமெல்கோ வண்டிக்குள் தூங்குகிறான். அவன் தூங்குவதற்கு மழை ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம்.

செப்டம்பர் 12, வியாழன்

முதல் பொய்ப் பீரங்கியை அக்ரூட் மரங்களின் ஓரத்தில் நிறுத்திவிட்டோம். உண்மையான பீரங்கி அடுத்த மரவரிசையில் இருக்கிறது. அங்கே சுடும் சத்தம் கேட்டுத் தேடுகிறவன் முதலில் இதைத்தான் பார்ப்பான். ஹவ்ரிலோ அண்ணன் பழைய டிராக்டர் சக்கரங்களைப் பொருத்தியிருக்கும் அழகைப் பார்த்து எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றியது. பீரங்கிப் பையன்களும் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவன் அதைத் தடவிக்கூடக் கொடுத்தான்.

செப்டம்பர் 13

ட்ரோன் இரண்டு முறை பொய்ப் பீரங்கிக்கு மேலேயே போனது. நிற்கவே இல்லை. நேராகத் தெமியானின் மரவரிசைப் பக்கம் போய் வட்டமடித்துவிட்டுத் திரும்பியது.

வெளிச்சம் சரியில்லை என்றேன். தெமியான் என்ன சொன்னான் தெரியுமா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." என் முகத்தைப் பார்த்தே சொன்னான்! வறுத்த வாத்தைப் பற்றி இவனிடம் சொல்லியிருக்கவே கூடாது.

செப்டம்பர் 14, சனி

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பீரங்கியைக் காணோம். என் கையால் செய்த பீரங்கி, என் கண்ணுக்கே தெரியவில்லை. களவுபோய்விட்டது என்றே நினைத்தேன். நாலு பக்கமும் தேடி, கடைசியில் அதன் குழலிலேயே முட்டி இடித்துக்கொண்டேன்.

அத்தனையும் மூடியிருந்தது. மறைப்பு வலை, அதன் மேல் அக்ரூட் கிளை, அதன் மேல் புல். சக்கரத் தடத்தைக்கூடத் துடைப்பத்தால் கூட்டி அழித்திருக்கிறார்கள். வேறு யார்? பீரங்கிப் பையன்கள்தான். பொம்மை என்று தெரிந்தும், வந்த அன்றைக்கே மூடியிருக்கிறார்கள்.

"வெட்டவெளியில கிடந்துச்சுக்கா. பார்த்துட்டு அப்படியே வர மனசு கேக்கல" என்றான் ஒருவன், தலையைச் சொறிந்துகொண்டு.

இரண்டு வருடப் பழக்கம். குழல் ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தால் இவர்கள் கை சும்மா இருக்காது. டீக் கெட்டிலைக்கூட இலை போட்டு மூடுகிற கூட்டம். எங்கள் ஹவ்ரிலோ அண்ணனே வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாராம்!

"ஏண்ணே, நீங்களுமா?"

"எல்லாரும் மூடினாங்கம்மா. நானும் மூடினேன்."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெமியானின் காது சிவந்திருந்தது. உத்தரவு போட்டது அவனாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

முழுசாகத் திறந்து வைக்கவும் முடியாது. எதிரி முட்டாள் இல்லை. "வா, வந்து அடி" என்று சொன்னால் வரமாட்டான். மூடியிருக்கவேண்டும், ஆனால் மோசமாக மூடியிருக்கவேண்டும். அது இவர்களில் ஒருவனுக்கும் வரவில்லை. கோணலாகப் போடச் சொன்ன வலையை இன்னொருவன் போய் நேராக்கிவிட்டு வருகிறான்.

கடைசியில் ஒமெல்கோவை எழுப்பினோம்.

"டேய், உன்னைய மறைக்கச் சொன்னா எப்படி மறைப்ப?"

"நானா? ஒரு பக்கம் மட்டும் வலை போடுவேன். மறுபக்கம் நாளைக்கு. கிளையெல்லாம் பழசே போதும், எவன் போய் வெட்டுறது? வேலியோரமா சுத்திப் போகமாட்டேன், வயலுக்குக் குறுக்கவே நடந்துடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியே துணியும் காயப்போட்டுருவேன்" என்றான்.

ஒரு மேதையை இத்தனை நாள் வண்டிக்குள் தூங்கவிட்டிருக்கிறோம்! அவன் சொன்னபடியே எல்லாம் செய்தோம். காய்ந்த சூரியகாந்திக்கு நடுவே எல்லோரும் வரிசையாக நடந்து தடம் போட்டோம். கொடியில் ஒமெல்கோவின் சிவப்புக் கால்சட்டை. எதிரியின் கேமரா சூட்டையும் பார்க்கும் என்பதால் பீரங்கியின் வயிற்றில் ஒரு சின்ன விறகடுப்பு. காலையில் அதை மூட்டிவிட்டு ஓடிவந்துவிடவேண்டும். அந்தப் பொறுப்பும் ஒமெல்கோவுக்கே.

செப்டம்பர் 17, செவ்வாய்

இப்போதுதான் பேனாவை எடுக்க முடிந்தது.

காலையில் தெமியான் குழு சுட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு ட்ரோன். எங்கள் பீரங்கியைத் தாண்டி நேரே அவர்கள் பக்கம் போயின. வெடிச்சத்தம். மரவரிசைக்கு மேல் புகை. ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பேசுங்கடா — எவனாவது ஒருத்தன் பேசுங்கடா — என்னைத் திட்டவாவது திட்டுங்கடா —

எவ்வளவு நேரமோ. பிறகு தெமியானின் குரல்.

"இருக்கோம். ஆறு பேரும் இருக்கோம். சட்டி போச்சு. போர்ஷ் சூப் பூரா மரத்துமேல."

அழுதுவிட்டேன். ரேடியோ பொத்தானை அழுத்தியபடியே அழுதேனாம், ஆறு பேரும் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும்.

என் பீரங்கியை ஏன் விட்டுவிட்டுப் போனான்? ஓடிப்போய் அதன் வயிற்றில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஒமெல்கோ தூங்கிவிட்டிருக்கிறான். மூட்டவே இல்லை. சோம்பேறியை மறைக்கச் சொன்னால் சரி, அடுப்பு மூட்டச் சொன்னால்? தவறு என்னுடையதும்தான். ஆனாலும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கோடாரியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போனான்.

செப்டம்பர் 18, புதன்

அடித்துவிட்டான்! அடித்தேவிட்டான்!!

இருட்டோடு போய் அடுப்பு மூட்டியவன் ஒமெல்கோ, தானாகவே. தெமியான் குழு சுட்டது. ட்ரோன் வந்தது, நின்றது, ஒரு சுற்றுச் சுற்றியது. குப்புறப் பாய்ந்தது. என் அருமைப் பீரங்கி அக்ரூட் மர உயரத்துக்குப் பறந்தது. இவ்வளவு நல்ல விமர்சனம் எனக்கு எந்த நாடகத்துக்கும் கிடைத்ததில்லை.

மத்தியானம் எதிரியின் சேனலில் அதே படம், வெற்றி இசையோடு: "ஒரு பீரங்கியும் எட்டு வீரர்களும் அழிப்பு." ஒரு குழாய், இரண்டு டிராக்டர் சக்கரம், ஒரு கால்சட்டை — இதில் எட்டுப் பேரை எங்கே கண்டான்?

"அந்தக் கால்சட்டைல எட்டு பேரு நுழையலாம்னு நினைச்சிருப்பான்" என்றார் ஹவ்ரிலோ அண்ணன்.

தெமியான் சிரித்தான். சத்தமாக, கண்ணில் நீர் வர.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்னும் குழாய் வரவழைத்துச் செய்த நான்காவது பொய்ப் பீரங்கியும் போய்ச் சேர்ந்தது. எதிரியின் கணக்குப்படி இங்கே ஒரு முழுப் படைப்பிரிவு செத்துவிட்டது, முப்பது பேருக்கு மேல். செத்தவர்களே இத்தனை பேர் என்றால் மிச்சம் இருப்பவர்கள் எத்தனை பேரோ என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

பையன்கள் முறைப்படி நினைவுச் சடங்கு செய்தார்கள். ஒரு கோப்பையில் வோட்கா ஊற்றி, மேலே ஒரு துண்டு ரொட்டி வைத்து, குழாயின் உடைந்த துண்டுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார்கள். "நல்ல குழாய். ஒருநாளும் கசிஞ்சதில்லை" என்று தெமியான் இரங்கல் உரை ஆற்றினான். ஒமெல்கோ தன் கால்சட்டைக்காகத் தனியாக ஒரு கோப்பை கேட்டான்.

செப்டம்பர் 26

எதிரே திரண்டிருந்த கவச வண்டிகள் வடக்கே போய்விட்டனவாம். இங்கே நாங்கள் ஏராளம் பேர் என்று நம்பிவிட்டான். எல்லோரும் குதித்தார்கள், நானும்தான். வடக்கே யார் இருக்கிறார்களோ என்ற நினைப்பு சாப்பிடும்போதுதான் வந்தது. அவர்களுக்கும் குழாய் இருக்கவேண்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

மாற்றுப்படை வந்துவிட்டது. அவர்களுடைய கேப்டன் சின்ன வயசு. வந்ததும் மரவரிசை முழுக்க நடந்து பார்த்தான். திரும்பி வந்து தெமியானிடம் கேட்டான்:

"லெப்டினன்ட், மத்தவங்க எல்லாம் எங்கே?"

"எந்த மத்தவங்க?"

"எதிரி சேனல்ல தினமும் பார்க்கிறோமே. இங்கே ஒரு பெரிய படையே இருக்குன்னு..."

தெமியான் கையைக் காட்டினான். மீதமிருந்த ஒரே பொய்ப் பீரங்கி அங்கே நின்றது. அந்தக் கேப்டன் கிட்டே போய்க் குழலைத் தட்டினான். ஆறு பையன்களையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எத்தனை பேரை வண்டியில ஏத்தணும்? ஆறுதானே?" என்று கேட்டான்.

எங்கள் வழக்கப்படி, பயணம் கிளம்புமுன் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும். உட்காராமல் போனால் வழி நல்லபடி அமையாது. ஆறு பேரும் அந்தப் பொய்ப் பீரங்கிக்குப் பின்னால் தரையில் நீண்டு கிடந்த மரக்கால்களில் வரிசையாக உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் தள்ளி நின்றோம். எங்களுக்கு இன்னும் எந்த உத்தரவும் வரவில்லை.

தெமியான் நகர்ந்து இடம் விட்டான்.

"வாம்மா, உக்காரு. அண்ணே, நீங்களும். டேய் ஒமெல்கோ, நின்னுக்கிட்டே தூங்காதே, வா." பிறகு அந்தக் கேப்டனைப் பார்த்துச் சொன்னான்: "ஆறு இல்லை, ஒன்பது. எங்க பீரங்கிக்கு ஒன்பது பேரு."

உட்கார்ந்தோம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. மரக்கால் கிரீச்சிட்டது, ஆனால் தாங்கியது. பிறகு ஒன்பது பேரும் எழுந்தோம்.