பறவை சொன்ன ஒரு மீட்டர்

அன்பான அப்பா இப்பீலிக்கு,

நீயும் மியாலியும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு ரெசலூட் முகாமிலிருந்து உன் அம்மா எழுதுவது. நானும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அலுத்துப் போய்விட்டேன்.

நேற்றும் நாள் முழுக்கப் பறந்தோம். கடல்பனியின் கனத்தை அளக்க ஹெலிகாப்டருக்குக் கீழே கயிற்றில் தொங்கும் கருவியைப் பறவை என்கிறோமே, அதன் அளவின் பூஜ்யம் அடிக்கடி நகர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கடலின் வாடை எட்டாத உயரத்துக்கு ஏறிச் சரிபார்த்துவிட்டுத் திரும்ப இறங்க வேண்டும். காது அடைக்கிறது. ஹெலிகாப்டர் ஓட்டும் கிரேகுவார், "லெட்டியாக்கா, இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடிச்சுக்குங்க" என்கிறான். பல்லே ஆடுகிறதடா என்றேன். மருமகள் மியாலி அனுப்பிய காய்ந்த மீனில் பாதியை அவன்தான் தின்றான்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை குடும்பத்தோடு நீரிணையின் குறுக்கே பனிவண்டியில் போகப்போவதாகப் போனில் சொன்னாய். எங்கள் வரைபடத்தில் அங்கே பனியின் கனம் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கிறதாம். நான் பதறினால் சிரிக்கிறாய். "மகளே, உன் பறவையே சொல்லிடுச்சு, அப்புறம் உனக்கென்ன நடுக்கம்?" என்கிறாய். நீ மகளே என்றதும் எனக்கு உன்னை அதட்ட வராது. அதனால்தான் நாளை அங்கே வரும் கிரேகுவாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பறவை பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிவது மேலே பனியின் முதுகும் கீழே கடல்நீரும்தான். நடுவில் பொழிந்த பனி எவ்வளவு, உறைந்த கட்டி எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. முந்தாநாள் அங்கே இறங்கித் துளையிட்டோம். அந்த ஒரு மீட்டரில் பெரும்பகுதி காற்று குவித்த மெத்துப் பனி. அடியில் கட்டி ஒரு சாண்தான். துளை போட்டதும் கடல்நீர் ஊறி மேலே வந்து என் பூட்ஸை நனைத்தது. வரைபடம் போடுகிறவர்களிடம் இதை எழுதச் சொன்னேன். ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதே என்கிறார்கள். யார் படிக்கிறார்கள்?

என் அப்பா நாய்வண்டியில் போய் மூழ்கியதும் இப்படி ஓர் இடத்தில்தான். மேலே எல்லாம் கெட்டியாகத் தெரிந்ததாம். நான் கரையில் நின்றிருந்தேன். நாய்கள் மட்டும் திரும்பி வந்தன. வருஷங்கள் கழித்து நீ பிறந்து, நம் வழக்கப்படி உனக்கு அவர் பெயரை வைத்தபோது, "வந்துட்டாருடி உங்கப்பா" என்று ஊரே சொன்னது. அன்றைக்குத்தான் என் அழுகை நின்றது. அன்றிலிருந்து உன்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

கரையோர வழியிலேயே போ. சுற்றுதான். மியாலி முணுமுணுத்தால் என் மேல் பழியைப் போடு. குழந்தைக்குக் கையுறை தைத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்பா, போனவர் ஒருமுறை திரும்பி வந்தீர்கள். இன்னொரு தடவை உங்களைப் பெற்றெடுக்க என் உடம்பில் தெம்பில்லை.

உங்கள் மகளும் உன் அம்மாவுமான
லெட்டியா