ஊருக்கொரு பேர் வாங்கிய உங்கள் அம்பாசிடர்

அண்ணா,

நேற்று கூடலூரில் பஸ்ஸுக்கு நிற்கையில் மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் ஒரு ஒர்க்‌ஷாப் தாழ்வாரத்தில் ஒண்டினேன். ஏதோ ஒரு அம்பாசிடரிலிருந்து கழற்றிய பின் சீட்டைச் சுவரோரம் பெஞ்சாகப் போட்டு வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். நனைந்த ரெக்சின், கொஞ்சம் பெட்ரோல், உள்ளே அடைத்த தேங்காய் நார், மூன்றும் கலந்த வாசம். அவ்வளவுதான், உங்கள் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மழை விட்ட பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். ஏன் லேட் என்று வீட்டில் கேட்டதற்கு மழை என்று சொன்னேன். உங்களுக்குச் சரியான காரணத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேவாலா பஜாரில் டாக்சி ஸ்டாண்டுக்கு எதிரே நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலம் அது. உங்கள் டிரைவர் கூட்டத்தில் ஒருவரிடமும் போன் கிடையாது. வண்டி வேண்டுமென்றால் என் பூத்துக்குத்தான் அடிப்பார்கள். நான் கழுத்தை நீட்டி ஸ்டாண்டைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். கல்யாணமாகி கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தவள் நான். அம்பாசிடரை எங்கள் ஊரில் குண்டு காரு என்போம், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே வந்தால் ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் ஒவ்வொரு பேர். கூடலூர் மலையாளத்துக் கடைக்காரர் போன் எடுத்த எடுப்பிலேயே, "சேச்சீ, அம்மாவன் அவிடெ உண்டோ?" என்பார். அம்மாவன் என்றால் தாய்மாமன். தேவாலாவில் தோட்டம் வைத்திருந்த கோத்தகிரி படுகர் ஒருவர், "நாளைக்குக் காலையில தொட்டப்பாவை அனுப்புங்க" என்பார். அது பெரியப்பா. ஊட்டி காந்தலில் அது கல்யாண வண்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு வேறு எதுவும் ஆகாது அவர்களுக்கு. அருவங்காட்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் ஆபீசர் வண்டி.

மாருதியையும் விட்டுவைக்கவில்லை. காந்தலில் தீப்பெட்டி, கூடலூரில் தவளை. ஜீப்புக்கு நம் பஜாரில் ஆடு என்று பேர், எந்தப் பாறையிலும் ஏறிவிடும் என்பதால். இதே ஜீப்பை அருவங்காட்டுக்காரர்கள் முதுகொடிச்சான் என்றார்கள். ரோடு நன்றாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு அப்படித்தானே தெரியும். யார் எந்தப் பேர் சொன்னாலும் நொடியில் சரியான வண்டியை அனுப்புவேன். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. "பூத்துக்காரியா, போலீஸ் ஸ்டேஷனா, ஒங்களுக்குத் தெரியாதது எது தங்கச்சி?" என்று நீங்கள் சீண்டுவீர்கள். "உங்க மனசுல இருக்கறதும் தெரியுமுங்ணா, டீ வாங்கித் தர நேரமாச்சு" என்று நானும் விடமாட்டேன்.

எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளான உங்கள் லயத்தில் மட்டும் அந்த வண்டிக்கு உறவுப் பேரோ செல்லப் பேரோ இல்லை. அங்கே அது தொரை. தொரை வண்டி என்றுகூட இல்லை, வெறும் தொரை. "தொரை ஃபேக்டரிக்குப் போவுது", "தொரை பஞ்சராகி நிக்குது" என்பார்கள். எஸ்டேட் மேனேஜரைத் தொரை என்பது சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அங்கிருந்தே கொண்டுவந்த பழக்கம், அந்தத் தொரை தவிர வேறு யாரும் வண்டியில் ஏறிப் பார்த்ததில்லை. ஸ்டாண்டுக்கு வருவதற்கு முன்பு அந்த மேனேஜருக்கு வண்டி ஓட்டியது நீங்கள். லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, வெள்ளைச் சட்டை போட்டு, இறங்கி ஓடி வந்து பின்கதவைத் திறந்து பிடித்து நிற்பீர்கள். அந்த வண்டி வருகிற சத்தம் கேட்டால் ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஓரத்தில் நிற்பார்கள். பெண்கள் கூடையோடு தேயிலைச் செடிக்குள் இறங்கி ஒதுங்குவார்கள். அதில் உங்கள் அம்மா வீராயியும் ஒருத்தி.

பிறகு தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் அதலபாதாளத்தில் விழுந்தது. சின்னத் தோட்டக்காரர்கள் செடியைப் பறிக்காமலே விட்டார்கள். பஜாரில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. கீழேயிருந்து புரோக்கர்கள் வந்து ஜீப்புகளை அடிமாட்டு விலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் எஸ்டேட்டையும் ஒருநாள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். சம்பளம் நின்றது. சங்கத்துக்காரர்கள் பேசி, லயத்தைச் சுற்றியிருந்த செடிகளை லயத்து ஆட்களே பறித்து விற்றுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். எஸ்டேட் சாமான்களை விற்றபோது எப்படியோ புரட்டி அந்த அம்பாசிடரை நீங்கள் வாங்கினீர்கள். ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே. "மொத சவாரி எங்கம்மாதான், தங்கச்சி. பின் சீட்டுல ஒக்கார வச்சு பஜாரைச் சுத்திக் காட்டணும்" என்றீர்கள்.

அம்மா ஏறவில்லை. அம்மா மட்டுமா, லயத்தில் ஒரு ஆள்கூட ஏறவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்கூட போர்வையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். "தொரையில நாம எப்பிடி ஏறுறது? ஏலாதுப்பா" என்றுவிட்டார்கள். கூடலூர்க்காரர்கள் அம்மாவன் என்று கூப்பிட்டு ஜம்மென்று ஏறிப்போனார்கள், காந்தல் கல்யாணத்துக்குப் போய் வண்டி மாலை போட்டுக்கொண்டு வந்தது. சவாரிக்குக் குறையில்லை. ஆனாலும் உங்கள் முகத்தில் களையே இல்லை. ஒருநாள் பூத்துக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ஆரம்பித்தீர்கள். "வளைவுல வாறேன். அம்மா கூடையோட நடந்து போவுது. வண்டிச் சத்தம் கேட்டதும் செடிக்குள்ள எறங்கி நிக்குது. நான்தாம்மான்னு தலைய வெளிய நீட்டிச் சொல்றேன். தெரியுதுடா, நீ போன்னு அப்பிடியே நிக்குது." சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. "எங்கம்மா எனக்கு ஒதுங்கி நிக்குது, தங்கச்சி." அன்றைக்கு டீயை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, வண்டியை விற்றுவிடலாம், ஆள் பாருங்கள் என்றீர்கள். கோயமுத்தூரில் வண்டி வாங்கி விற்கிற என் சித்தப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அந்த வாரக் கடைசியில் வந்து பார்ப்பதாகப் பேச்சு.

லயத்துத் தேயிலைக் கொழுந்தை வழக்கமாக ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு வந்து, என் பூத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கும். வெளி ஃபேக்டரி ஆள் அங்கே தராசு போட்டு நிறுத்து வாங்குவான். அந்த ஜீப்பையும் யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால், கொழுந்தைப் பறித்துச் சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்துக்கொண்டு பெண்கள் நிற்கிறார்கள். சாக்கில் கட்டிய கொழுந்தை நேரத்தோடு கொண்டுபோகாவிட்டால் சூடேறிச் சிவந்துவிடும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் நீங்கள் வண்டியோடு வந்தீர்கள்.

நடந்ததை நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். "சாக்கத் தூக்கிப் பின் சீட்டுல போடுறேன், ஒருத்தியும் வாயத் தொறக்கல. சாக்குதானே. மிச்சத்த டிக்கில போட்டுக் கயித்தக் கட்டிட்டு வந்து வண்டியக் கெளப்புறேன். கண்ணாடில பாத்தா அம்மா ஒக்காந்திருக்கு."

லயத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அவரவர் பறித்த கொழுந்தைத் தராசில் ஏற்றி, எடை சொல்லி முடிக்கும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். கொஞ்சம் அசந்தால் இவள் கொழுந்து அவள் பேரில் போய்விடும், மழைத்தண்ணி என்று சொல்லி இஷ்டத்துக்குக் கழித்துவிடுவார்கள். காலம்பூராவும் அதில் அடிபட்டவர்கள். உங்கள் அம்மாவின் சாக்கு பின் சீட்டுக்குப் போனது, சாக்குக்குப் பின்னாலேயே அம்மாவும் போய்விட்டது. தொரையாவது ஒன்றாவது, அந்த நிமிஷத்தில் அதெல்லாம் கண்ணில் படவில்லை.

வண்டி பஜாருக்குள் நுழைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முதல் கியரில் மாட்டுவண்டி வேகத்தில் வருகிறீர்கள். பேசினால் அம்மா சுதாரித்து இறங்கிவிடும் என்ற பயத்தில் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஜன்னல்வரை கொழுந்துச் சாக்கு. நடுவில் உங்கள் அம்மா, ஒரு கை சாக்கின் மேல். வண்டிக்குப் பின்னால் டிக்கியில் கண்ணை வைத்தபடி மற்ற பெண்கள் எல்லாம் ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

கொட்டகை வாசலில் நிறுத்தினீர்கள். தராசுக்காரன் ஜன்னல் வழியாகச் சாக்கைப் பிடித்து இழுத்தான். "கைய எடுடா, நிறுக்கிறப்ப நானே தாறேன்" என்று அம்மா அவன் கையைத் தட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தது. பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது. போச்சு, துள்ளிக் குதித்து இறங்கிவிடும் என்று நினைத்தேன். அம்மா இறங்கவில்லை. சீட்டை ஒரு தரம் தடவிப் பார்த்தது. முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டது.

"ஏண்டா, தொரை வந்தா ஓடியாந்து கதவத் தொறப்பியே. அம்மாவுக்குத் தொறக்கமாட்டியா?"

நீங்கள் இறங்கினீர்கள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மேனேஜருக்குக்கூட நீங்கள் அவ்வளவு விறைப்பாக நின்று நான் பார்த்ததில்லை. அம்மா அவசரப்படவே இல்லை. முந்தானையைச் சரிசெய்து, ஒரு காலை வைத்து, பிறகு மறு காலை வைத்து இறங்கியது. இறங்கியதும் நேராகத் தராசுக்குப் போய்ச் சாக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு, "முள்ளை ஒழுங்காப் பாத்துச் சொல்லு" என்று அந்த ஆளை அதட்டியது. உங்கள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று போன் பேச வந்தவர் கேட்டார், அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை.

சித்தப்பாவுக்கு அன்றைக்கே போன் போட்டேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள்.

"வண்டி விக்கறதுக்கில்லீங் சித்தப்பா."

"ஏன் அம்மணி, அந்தக் குண்டு காருக்கு வேற ஆரோ சாஸ்தி வெலை சொல்லிப் போட்டாங்களா?"

"வெலையில்லீங். ஓனரம்மா ஏறி ஒக்காந்துட்டாங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

அடுத்து லயத்துக் கடையிலிருந்து ஒரு போன் வந்தது. "அக்கா, வீராயிய அனுப்புங்க. பெரியவரை ஆஸ்பத்திரிக்கு இட்டுப் போவணும்." ரிசீவரை வைக்காமலே ஸ்டாண்டைப் பார்த்து எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனையோ ஊர்க்காரர்கள் அந்த வண்டியை மாமனாக்கினார்கள், பெரியப்பாவாக்கினார்கள். உயிரோடு இருக்கிற ஒரு தேயிலைக்காரியின் பேரை அதற்கு வைத்தது உங்கள் லயம் மட்டும்தான். அன்றிலிருந்து, "அம்மாவன் உண்டோ?" என்று கேட்டால், "அம்மாவன் இல்லீங், வீராயி இருக்குது, அனுப்பட்டுங்களா?" என்பேன். அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை, கூடலூருக்கு அது கடைசிவரை அம்மாவன்தான். நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மா போய், வண்டி போய், போன ஐப்பசியில் நீங்களும் போய்விட்டீர்கள். தேயிலைக்கு அதற்குப் பிறகு விலை ஏறியது, மறுபடி இறங்கியது, அது பாட்டுக்குக் கிடக்கிறது. லயத்தில் இப்போது பல வீட்டு வாசலில் கார் நிற்கிறது, எனக்கே பேர் தெரியாத கம்பெனி வண்டிகள். வண்டி எதுவானாலும் சரி, லயத்துப் பெண்கள் வந்து சேர்ந்த இடத்தில் சட்டென்று இறங்குவதில்லை. ஓட்டி வந்தவன் மகனோ, மருமகனோ, சுற்றிவந்து கதவைத் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று சின்னவர்களைக் கேட்டால், "எங்க லயத்துல அப்படித்தான்" என்கிறார்கள்.

என் மகனும் கார் வாங்கியிருக்கிறான். கோவில் வாசலிலோ கடை வாசலிலோ நிறுத்திவிட்டு, "இறங்கும்மா, கை இல்லையா உனக்கு?" என்று சலித்துக்கொள்கிறான். கை இருக்கிறது, அண்ணா. இருந்தாலும் நான் இறங்குவதில்லை. முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு, அவன் சுற்றி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.