தனசேகர் கொடுத்த இரண்டாவது கடிதம்

அக். 24, வியாழன்

விட்டு விட்டு மழை. எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி ராணுவ முகாம் கேட் வரை முழங்கால் தண்ணீர். செருப்பு போச்சு.

வாங்க வேண்டியது: மகள் கவிதாவுக்குத் தீபாவளி சுடிதார், நல்லெண்ணெய், எனக்குச் செருப்பு.

சாயந்திரம் கிளம்பும் நேரத்தில் மெஸ் சமையல்காரர் தனசேகர். கையில் மறுபடியும் ஒரு கடிதம். மெஸ்ஸில் சாப்பிடும் சிப்பாய் ம. பற்றி. முதல் கடிதம் போன மாதமே கொடுத்தார். தபால் ரிஜிஸ்டரில் ஏற்றி மேலே அனுப்பினேன். 'பார்த்தேன், ஃபைலில் வைக்கவும்' என்று திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த ம.வுக்கு ஆயுதக் கிடங்கில் டியூட்டி போட்டிருக்கிறார்கள்.

"போன்ல எந்நேரமும் அந்தத் தீவிரவாதக் கும்பலோட வீடியோதான் மேடம். நம்ம கூட குந்தி துன்றவன் எல்லாம் துரோகியாம். இன்னிக்கி என்னாண்ட கேக்கறான், டிபனுக்கு எத்தினி பேரு ஒண்ணா குந்துவாங்கோன்னு."

நாளைக்கு ஏற்றுகிறேன், போங்கள் என்றேன். டிராயரில் போட்டுப் பூட்டினேன். 5.10 ரயிலைப் பிடித்து வண்ணாரப்பேட்டை. கவிதாவுக்குப் பச்சை பிடிக்கவில்லை, மெரூன் எடுத்தாள்.

அக். 28, திங்கள்

எழுத வரவில்லை.

ஒன்பதேகாலுக்குப் போனேன். கேட் மூடியிருந்தது. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளை ஓரம் கட்டி ஆம்புலன்ஸ்களுக்கு வழி விட்டிருந்தார்கள். காலை டிபன் நேரத்தில் ம. மெஸ்ஸுக்குள் நுழைந்து சுட்டிருக்கிறான். நாலு பேர் இறந்துவிட்டார்கள். அதில் தனசேகரும். அவனைக் காவலில் இருந்தவர்கள் உயிரோடு பிடித்துவிட்டார்கள்.

டிராயர். வெள்ளிக்கிழமை முழுக்க அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஞாபகமே வரவில்லை.

நவ. 6, புதன்

ஆபீஸ் திறந்தார்கள். முதல் வேலையாகக் கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

மதியம் ஹெட் கிளார்க் சுந்தரம் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேஜையில் புது தபால் ரிஜிஸ்டர்.

"பழசு மழைல நனைஞ்சு போச்சும்மா. புதுசுல காப்பி பண்ணிடு. அந்த ஒரு வரி மட்டும் வேணாம். மேலேர்ந்து சொல்றாங்க."

முதல் கடிதம் வந்த வரி. பழையது காய்ந்துதான் இருந்தது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் இறந்தபோது, அவருடைய டிரைவர் வேலைக்குப் பதில் எனக்கு இந்த வேலை கிடைக்க ஒன்றரை வருடம் ஃபைலோடு அலைந்தவர். மார்ச்சில் ரிட்டயர்ட் ஆகிறார்.

உட்கார்ந்து எழுதினேன். நாற்பத்தொரு பக்கம். அந்த வரியை விட்டுவிட்டேன். கையெழுத்து எப்போதையும் விட அழகாக வந்தது.

இரண்டாவது கடிதம் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான்.

நவ. 8, வெள்ளி

ஆபீஸிலிருந்து ஐந்து பேர் துக்கம் கேட்கப் போனோம். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி. படியெல்லாம் தண்ணீர். தனசேகர் மனைவி மல்லிகா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். மற்றவர்கள் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு லெட்டர் எழுதிக் குடுத்துகீறேன்னு சொல்லிகினே இருந்தாரு. ஆபீஸ்ல கேட்டா அப்டி ஒண்ணும் வர்லன்றாங்கோ. இவருதான் அவனுக்குப் பின்கதவத் தெறந்து வுட்டாருன்னு வேற பேசறாங்கோ. எங்கிட்ட பொய்யா சொன்னாரு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடிதம் அப்போதும் என் தோளில் தொங்கிய பையில்தான்.

ஷேர் ஆட்டோ ஏறினேன். பேசின் பிரிட்ஜிலேயே இறங்கி நின்றேன்.

நவ. 9, சனி

துணி துவைத்தேன். காயவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

கிழித்துப் போட்டால் முடிந்தது. இரண்டு முறை எடுத்தேன். 'எனக்குப் பயமாக உள்ளது' என்று கடைசி வரி. அந்த இடத்தில் பேனா மை கொஞ்சம் பரவியிருக்கிறது.

கொடுத்தால் வேலை போகும், கேஸும் வரலாம். கவிதாவுக்கு நர்சிங் இன்னும் இரண்டு வருடம். சுந்தரம் சாரின் பென்ஷன் நிற்கும். கொடுக்காவிட்டால் தனசேகர்தான் கதவைத் திறந்தவர்.

ஏம்மா பேசவே மாட்டேன்றே என்று கவிதா கேட்டாள். தலைவலி என்றேன். மெரூன் சுடிதாரைப் போட்டிருந்தாள். கழற்றச் சொல்லிக் கத்திவிட்டேன். காரணம் சொல்ல முடியவில்லை. அழுதாள்.

நவ. 12, செவ்வாய்

மழை இல்லை. ஆனால் காற்று.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று அதிகாரிகள், ஒரு டைப்பிஸ்ட். வராந்தா பெஞ்சில் மல்லிகா. அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

புது ரிஜிஸ்டரைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார்கள். ஆமாம். தனசேகரிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா? சுந்தரம் சார் ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார்.

வந்தது என்றேன். ஒரு வரியை விட்டுவிட்டு எழுதினேன் என்றேன். யார் சொன்னது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன், "நான்தான் சார் சொன்னேன்" என்றார் சுந்தரம் சார். பழைய ரிஜிஸ்டரை அழிக்கச் சொன்னார்களாம். அழிக்கவில்லை. அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது என்று பையைத் திறந்தேன்.

எப்போது வந்தது? வியாழக்கிழமை. பதிவு செய்தீர்களா? இல்லை. ஏன்?

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் அடித்தாள்.

மறு உத்தரவு வரும் வரை வேலைக்கு வர வேண்டாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே உட்காருங்கள், மறுபடி கூப்பிடுவோம் என்றார்கள்.

வெளியே இருந்தது ஒரே பெஞ்ச். மல்லிகா நகர்ந்து இடம் விட்டாள்.

"குடுத்தாராக்கா?"

"ரெண்டு வாட்டி குடுத்தாரு. ரெண்டாவது எங்கையிலதான் குடுத்தாரு. நான் மேல அனுப்பல. டிராயர்லயே வெச்சிட்டேன்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். எழுந்து வராந்தா கடைசி வரை போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.