குங்குமம் வைத்த பக்கம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்காதே. பதினைந்து வருடம் ரோட்டில் அம்புக்குறி போட்டவன் நான். இன்றைக்கும் யாராவது திடீரென்று வலது எது, இடது எது என்று கேட்டால், சாப்பிடுகிற கையை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுவே பெரிய படிப்பு என்பாய்.

இன்று காலை பஸ் ஜன்னல் வழியாக அந்த நெடி வந்தது. அடுகோடி தாண்டி, ஓசூர் ரோட்டில், நம் ஜங்ஷன். புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் பெயின்டைக் காய்ச்சி மெஷினில் ஊற்றுகிறார்கள். நாம் பிரஷ்ஷும் வாளியுமாகக் குனிந்து கிடந்த காலம் போய்விட்டது. ஆனாலும் நெடி அதே நெடிதான். கண்டக்டரை விசில் அடிக்கச் சொல்லி இறங்கிவிட்டேன்.

முன்பு அது எப்படிக் கிடந்தது! ஊர்ப் பெயர் எழுதின பலகையை மரக்கிளை மூடியிருக்கும். வலப்பக்கம் திரும்ப வேண்டிய ஆட்டோ இடது ஓரத்தில் நிற்கும், நேரே போகிற லாரி, ரோட்டை இரண்டாகப் பிரிக்கிற நடுக்கல்லை ஒட்டி நிற்கும். பச்சை விழுந்ததும் ஒருத்தன் குறுக்கே ஒருத்தன் பாய்வான். "இது ஜங்ஷனா மச்சான், கல்யாணப் பந்தி. எந்த இலை யாருதுன்னே தெரியல" என்பாய். கடைசியில் ஒரு வழி செய்தார்கள். பலகையை மரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். ரோட்டை இரண்டு லேனாகப் பிரித்தார்கள். நடுக்கல்லை ஒட்டின லேன் வலப்பக்கம் திரும்புகிறவர்களுக்கு, மற்றது நேரே போகிறவர்களுக்கும் இடப்பக்கம் போகிறவர்களுக்கும். தரையில் அம்பு போடுகிற வேலை நம் இருவர் தலையில் விழுந்தது.

ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு அது. பூஜைக்காக, அம்பு வடிவம் வெட்டின தகடுகளை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்திருந்தோம். வருடக்கணக்காகப் படிந்த பெயின்ட் உரிந்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தன. மேல்பக்கம் எது என்று நாம் கண்டுகொண்டதே அந்தப் படிவை வைத்துத்தான். புரட்டிப் போட்டால் வலது அம்பு இடது அம்பாகிவிடும். யாருக்கு அது நினைவு வந்தது? சந்தனம், குங்குமம், பொரி, எலுமிச்சம்பழம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. லிங்கராஜபுரத்துச் சர்ச்சுக்குப் போகிற உன் பக்தி பொரியோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தகட்டை ரோட்டில் வைக்கும்போது, "குங்குமம் இருக்கற பக்கம்தானே மேல?" என்றாய்.

"சாமிக்குக் காட்டின பக்கம்டா. தப்பா இருக்குமா?"

நாம் வருகிற வண்டியைப் பார்த்தபடி வேலை செய்து பழகினவர்கள். அம்பைத் தலைப்பக்கமிருந்தே பார்ப்போம். அங்கிருந்து பார்த்தால் இடதும் வலதும் மாறித் தெரியும். போட்டு முடித்தும் ஒன்றும் உறைக்கவில்லை. காய்ந்ததும், வண்டிகளை மறிக்க வைத்திருந்த டிரம்மையும் கயிற்றையும் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, எதிர்க்கடையில் டீ வாங்கினோம்.

ஒரு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் குழந்தை நின்றிருந்தது, பின்னால் அதன் அம்மா. நடுக்கல்லை ஒட்டி வந்தவர் தரையைப் பார்த்தார். நம் அம்பு சொன்னபடி இடப்பக்கம் ஒடித்தார். பக்கத்து லேனில் நேரே வந்த லாரி போட்ட பிரேக்கில் டீக்கடைக்காரர் பாலைக் கொட்டினார். லாரிக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். ஸ்கூட்டர்காரர் லாரிக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார். தப்பு தன்னுடையது என்றே நினைத்திருப்பார், பாவம்.

நீ டம்ளரை வைத்துவிட்டு, அம்பின் வால்பக்கம் போய் நின்று பார்த்தாய். திரும்பி வரவேயில்லை. அங்கிருந்தே கத்தினாய்.

"கறுப்பு பெயின்ட் கோடவுன்ல இருக்கு. சைக்கிள எடு. நான் இது மேலயே நிக்கறேன்."

"பைத்தியமாடா உனக்கு? வேற எதையாவது குறுக்கே போடலாம்."

"தேடறதுக்குள்ள அடுத்த ஸ்கூட்டர் வந்துடும். போடா!"

மிதித்தேன். பயந்தால் வியர்க்கும் என்பார்கள், எனக்குக் குளிர்ந்தது. முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு ஹாரனும் உன்மேல் வருவதாகவே பட்டது. குங்குமம் வைத்தது என் கை. பூஜையன்று புரட்டிப் பார்க்காமல், தெரிந்த பக்கத்தில் அப்பினேன். உன்னிடம் அதைச் சொல்லாமலே வந்திருந்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

திரும்பி வந்தபோது கும்பல். உன்னைக் காணவில்லை. அம்பின்மேல் உன் ஒற்றைச் செருப்பு கிடந்தது. சைக்கிளை அப்படியே போட்டேன். அந்தச் செருப்புக்கும் எனக்கும் நடுவே இருந்த நாலடியை நான் இன்னும் நடந்து முடிக்கவில்லை என்று சில நாள் தோன்றும்.

கும்பலுக்குள்ளிருந்து ஒரு கான்ஸ்டபிள் குரல் கேட்டது: "ஏன் மாராயா, சாகறதுக்கு வேற ஜாகா கிடைக்கலையா? பஸ்ஸு முன்னாடி கைய விரிச்சுட்டு நிக்கறியே, ஏசுவா நீ?"

"ஏசு இல்ல சார். கான்ட்ராக்ட் ஆளு."

கும்பல் சிரித்தது. உன் காலர் அவர் கையில் இருந்தது. ஊரையே கிண்டல் செய்கிற நான் ரோட்டோரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவர் வண்டிகளை நிறுத்த, நாம் அம்பின்மேல் கறுப்பு அடித்தோம். "யார் பண்ண வேலை இது?" என்று கேட்டார். "தகட்ட வெச்சது நான்தான் சார்" என்றாய். நான் குனிந்து பிரஷ்ஷை வாளியில் தோய்த்தேன்.

அப்புறம் எத்தனையோ வருடம் சேர்ந்து கோடு போட்டோம். நீ போனது ஆஸ்பத்திரிக் கட்டிலில், நெஞ்சுச் சளியால். கடைசி வாரம் பக்கத்திலேயே இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். பயம் போகவில்லை. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு குழந்தை நின்றால் இன்றைக்கும் எனக்குக் கை குளிர்கிறது. எந்த ஜங்ஷனில் புது அம்பு பார்த்தாலும், வால்பக்கம் போய் நிற்காமல் என்னால் தாண்ட முடிவதில்லை.

இன்று கல்லறைத் திருநாள். உனக்கென்று வாங்கின சேவந்தி மாலையைப் பையோடு நடைபாதையில் வைத்துவிட்டு, ஒரு பஸ், இரண்டு ஆட்டோ, ஒரு ஸ்கூட்டர் எல்லாம் சரியாகத் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் ஒரு மாடு வந்து பாதி மாலையைத் தின்றுவிட்டது. மீதியை உனக்குப் போட்டிருக்கிறேன்.